தின்றும் மெலிந்த நாய்

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொரையின் பங்களாவில் அப்பா சமையல் வேலை பார்த்தார். அங்கிருந்த அல்சேஷன் நாய்க்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுவதும் அவர் பொறுப்புத்தான். தொழிலாளர்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தில் தீபாவளிக்குத்தான் கறி. ஆகவே அந்த நாயின் சாப்பாட்டைப் பற்றி லயத்தில் பேசாதவர்கள் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் நாய் மெலியத் தொடங்கியது. வைத்ததையெல்லாம் தின்றது, பசி அடங்காமல் தன் மலத்தையே தின்னப் போயிற்று. அப்படியும் விலா எலும்பு தெரிந்தது. தின்கிற நாய் எப்படி மெலியும்? இறைச்சி களவு போகிறது என்று தொரசாணி முடிவு கட்டினாள். லயத்திலும் அதே பேச்சு. பக்கத்துக் காம்பராக்காரி நெருப்பு வாங்குகிற சாக்கில் வந்து எங்கள் சட்டிகளை மோந்துவிட்டுப் போனாள்.

அம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டாள். "நெசத்தச் சொல்லுங்க. அந்த எறச்சி எங்கதான் போவுது?"

"நாய் வயித்துக்குத்தான் போவுது. அங்கேருந்து எங்க போவுதுன்னு எனக்குத் தெரியல," என்றார் அப்பா.

வேலை போனால் காம்பராவும் போய்விடும். அது அவர்கள் கவலை. என் சந்தேகம் வேறு. அப்பா தனியாகத் தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருகிறார் என்று உறுதியாக நம்பினேன். அவர் கழற்றிப் போட்ட கோட்டை மோந்து பார்த்தேன். வெங்காய வாசனைதான் அடித்தது. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய கீரையோடு பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். அதற்குள் தொரசாணியின் சந்தேகம் களவிலிருந்து விஷத்துக்கு ஏறியிருந்தது. நாயின் தட்டைக் காட்டி, அப்பாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில், "நீ மொதல்ல தின்னு," என்றாள்.

"மாட்டெறச்சிங்க, தொரசாணி. நாங்க திங்கிறதில்லீங்க."

"தின்னு."

யாராவது தின்னக் கொடுத்தால் முதலில் வேண்டாமென்று சொல்லவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அப்பாவும் மரியாதைக்குத்தான் மறுக்கிறார் என்று எண்ணினேன். அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். கீரையை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போ பாப்பா," என்றார். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது.

அன்று மாலை மூடுபனிக்குள் மலையிலிருந்து பீலி வழியே விழும் தண்ணீரில் நெடுநேரம் தலைக்குக் குளித்தார். வாசனை போகத்தான் குளிக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு மிருக வைத்தியர் வந்தார். நாயின் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். வெளுத்து, எண்ணெய் மினுக்கோடு, தின்றது பாதி செமிக்காமலே கிடந்ததாம். சாப்பாட்டைச் செமிக்க வைக்கும் நீர் கணையத்தில் சுரக்கவில்லை என்றார். மாட்டுக் கணையத்தைப் பச்சையாக அரிந்து சோற்றில் பிசைந்து வைக்கச் சொன்னார். அப்பாதான் அரிந்தார், பிசைந்தார். மெல்ல மெல்ல நாய்க்குச் சதை பிடித்தது. தொரசாணி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா சமைக்கும்போது குசினியில் வந்து காவல் நிற்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"தின்னது ஒடம்புல ஒட்டாத வியாதியாம்," என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

"இதுக்குத்தானா நம்மளக் களவாணியாக்குனாங்க?" என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நானும் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு நாய்த் தட்டுல நீங்க தின்னீங்களே, அது ஒங்க ஒடம்புல ஒட்டுச்சா?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். நாய்தான் தேறிவிட்டதே, அம்மா ஏன் சிரிப்பை நிறுத்தினாள் என்று எனக்கு விளங்கவில்லை.