சிவகௌரியின் பாரந்தூக்கி

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில், லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிற பெண் என்றால் சிவகௌரியைத்தான் சொல்வார்கள். கணவன் பார்த்தீபன் கட்டாரில் வேலை செய்த வருடங்களில் புகையிலைத் தோட்டத்தை அவளே உழுதாள். அவன் திரும்பி வந்த பிறகும் அதன் கைப்பிடியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்ததும் விண்ணப்பித்தாள். கைப்பழக்கத்தைச் சோதித்த தேர்வில் தடுமாறாமல் தேறினாள். பாரந்தூக்கியில் ஏறிப் பார்க்கும் நாள்தான் அவளைக் கவிழ்த்தது.

கடலுக்குள் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்து, அடியைத் தோண்டி ஆழமாக்கி மனிதர் உண்டாக்கிய துறைமுகம் அது. இந்தியாவிலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் சிறிய கப்பல்கள் கொண்டுவரும் கொள்கலன்களை இறக்கி, ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய கப்பல்களில் ஏற்றிவிடுவது அங்கே பெரும் வேலை. அந்தப் பெரிய கப்பல்களுக்கும் மேலாக நின்றது பாரந்தூக்கி. லிஃப்டை விட்டு இறங்கினால், இயக்குநரின் கூண்டுக்குப் போக ஒரு கம்பிவலைப் பாதை. அதில் இரண்டடி வைத்துக் கீழே பார்த்த சிவகௌரிக்குக் கால் நகரவில்லை. பயிற்றுநர் லியோன் மன்னார்க்காரர். அவர்தான் கையைப் பிடித்து அவளைத் திரும்பக் கூட்டிவந்தார்.

"உது எல்லாருக்கும் சரிவராது, தங்கச்சி."

"இன்னொருக்கா ஏற விடுவியளோ, அண்ணை?"

"அடுத்த மாசம் வேறை ஆக்கள் வருகினம். அவையோடை வந்து பாருங்கோ."

வீட்டுக்கு வந்தவள், கழற்றி வைத்திருந்த பழைய இரும்பு வாசல் கேற்றைத் தோட்டக் கிணற்றின் வாயில் குறுக்கே போட்டாள். நுனிகளில் கல் ஏற்றினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறு நுனியைப் பார்த்தீபனிடம் நீட்டினாள்.

"உமக்கென்ன விசரே?" என்றான் அவன்.

"என்ரை கை பிழைக்கேல்லை. காலுக்குக் கீழை வெறுமையாக் கிடக்கிறதுதான் பயம். உதைப் பழகினால் சரி. பிடியுங்கோ."

அவன் கயிற்றைப் பூவரச மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் அவளால் தவழத்தான் முடிந்தது. கம்பிகளுக்கு ஊடாகத் தெரிந்த தண்ணீர் தலையைச் சுற்றவைத்தது. இறங்கி வாந்தி எடுத்தாள். அடுத்த நாளும் ஏறினாள். அந்த உயரத்துக்கு இந்தக் கிணறு எந்த மூலைக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதே பயம் இங்கேயும் வந்தது. அது போதும் என்று நினைத்தாள். பிறகு நின்றாள், நடந்தாள். கடைசியில் கீழே பார்த்துக்கொண்டே பார்த்தீபனோடு புகையிலை விலையைப் பற்றிக் கதைக்கவும் அவளால் முடிந்தது.

"நீர் போம்," என்றான் அவன். "தோட்டத்தை நான் பாக்கிறன்."

இரண்டாம் முறை கம்பிவலைப் பாதையில் பயம் வரத்தான் செய்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு நடந்தாள். கூண்டின் கண்ணாடித் தரைக்கு மேல் போய் உட்கார்ந்து, "சொல்லுங்கோ அண்ணை, எதைப் பிடிக்கிறது?" என்றாள்.

பயிற்சி முடிந்து அவள் தனியாக இயக்கிய முதல் கப்பலின்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. தூக்கிய கொள்கலன், கூண்டோடு சேர்ந்து நகரும் வடங்களில் ஊஞ்சல்போல ஆடியது. அந்த வேலை நேரத்துக்கு லியோன்தான் மேற்பார்வை.

"கப்பல் பிந்துது, இறக்குங்கோ," என்றார் வோக்கிடோக்கியில்.

"கீழை ஆக்கள் நிக்கினம். ஆட்டம் நிக்கட்டும், இறக்கிறன்."

"மற்றப் பாரந்தூக்கியள் ஓடுது, தங்கச்சி."

"ஓடட்டும்."

அவள் நெம்புகோலை மெல்ல அசைத்து, கொள்கலன் ஆடிய பக்கமே கூண்டை நகர்த்தினாள். ஆட்டம் அடங்கியது. கீழே நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, காத்திருந்த லொறியின் முதுகில் சத்தமில்லாமல் இறக்கினாள்.

"சரி," என்றார் லியோன். "உப்பிடியே செய்யுங்கோ."

"ஓம் அண்ணை," என்றவள், அடுத்த கொள்கலனை எடுக்கக் கூண்டைக் கப்பலுக்கு மேலே கொண்டுபோனாள்.