படுத்துப் பார்த்தால்தான் அறை

செருப்பை வாசலில் கழற்றி, கைப்பையைத் தலைமாட்டில் வைத்து, முன்பின் தெரியாதவர் வீட்டுச் சீமெந்து நிலத்தில் நிரஞ்சலா மல்லாந்து படுக்கிறார். இரண்டு கைகளையும் விரிக்கிறார். விரல்கள் சுவரில் முட்டுகின்றனவா என்று பார்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஐந்து மூச்சு விடுகிறார். வீட்டுக்காரர்கள் கதவடியில் நின்று, மயங்கி விழுந்துவிட்டாரோ, தண்ணீர் தெளிப்பதோ என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஆறாவது மூச்சுக்கு எழுந்து, சல்வாரைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்: "ஓம், இது அறை."

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கு விலை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது நிரஞ்சலாவின் தொழில். ஊர் உடுவில். கண்டிக்கு வந்து இருபத்துநான்கு வருடமாகியும் ஒரு சொல்கூட மாறாத யாழ்ப்பாணத் தமிழ். சிவப்புப் புள்ளியை எறிந்து நீளம் காட்டும் கருவியும் கைப்பையில் இருக்கிறது. அதனாலும் அளப்பார். ஆனால் அதை முழுதாக நம்பமாட்டார். "உது நீளத்தைச் சொல்லும். நித்திரை வருமோ எண்டு சொல்லாது" என்பார்.

ஒருமுறை கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் படுத்தவர் உண்மையிலேயே தூங்கிப்போனார். வீட்டுக்கார அம்மா போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டு, மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போனாராம். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்த நிரஞ்சலா வெட்கப்படவில்லை. அறிக்கையில் 'காற்றோட்டம் மிக நன்று' என்று எழுதினார்.

என் வீட்டை அடகு வைக்கப் போனபோதுதான் அவரை நான் அறிந்தேன். நான் பெருமையோடு காட்டிய எழுத்தறையில் படுக்க முயன்று, முழங்காலை மடக்கி, திரும்பிப் பார்த்து, கடைசியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, இது அறையில்லை, அலுமாரி." இந்தக் கட்டுரையை அந்த அலுமாரிக்குள் இருந்துதான் எழுதுகிறேன்.

அறையைக் கூட்டினால் விலை கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிரஞ்சலா அதை முழுதாக மறுப்பதும் இல்லை. அக்குறணையில் அஹ்னாப் என்ற துணிக்கடைக்காரரின் வீட்டில் இரண்டே படுக்கையறைகள். சாப்பாட்டு அறையோ நாற்பது பேர் பந்தி இருக்கலாம் போல நீண்டு கிடந்தது. நிரஞ்சலா அதன் ஒரு கோடியில் படுத்தார். தள்ளிப் போய் இன்னொரு முறை படுத்தார். "இதுக்குள்ள ஒரு அறை நித்திரையாக் கிடக்குது. எழுப்பி விடுங்கோ" என்றார். அஹ்னாப் கல்லால் சுவர் எழுப்பி, யன்னல் வைத்து மூன்றாவது அறையைக் கட்டினார். செலவழித்ததைப் போல மூன்று மடங்கு விலையில் ஏறியது. "நெலத்துல படுத்தே எனக்கு ஒரு ரூமை எடுத்துத் தந்தாவே!" என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் பக்கத்து வீட்டுப் பற்றிக்கின் கதை இதற்குத் தலைகீழ்.

பற்றிக் தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பிட்டியவில், வீதியிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏறிப் போகவேண்டிய வீடு. மனைவி டொரதிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கம்பளையில் சமதரையில் ஒரு சின்ன வீடு பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். கண்டிப் பெரஹரா திருவிழா முடியும்வரைதான் காத்திருப்பேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இங்கே அம்பிட்டிய வீடு பதினான்கு மாதமாக விலைப்படவில்லை.

விலைப்படாததற்கு எனக்குக் காரணம் தெரியும். சொல்லத் தைரியம் இல்லை. மூன்று அறை வீட்டை விட ஐந்து அறை வீட்டுக்கு ஐம்பது இலட்சம் கூடக் கேட்கலாம் என்று ஒரு தரகர் சொன்னதை நம்பி, பற்றிக் தன் கையாலேயே கூடத்தைப் பலகைச் சுவரால் பிரித்து இரண்டு அறை எடுத்திருந்தார். ஐந்தாவது அறைக்கு நாலாவது அறைக்குள்ளால்தான் வழி. கூடத்தின் ஒரே பெரிய யன்னலின் நட்டநடுவில் சுவர் வந்து முட்டியது. ஆளுக்குப் பாதி யன்னல். மிச்சமிருந்த கூடத்தில் இரண்டு கதிரை போட்டால், எதிரெதிரே இருப்பவர்களின் முழங்கால்கள் பேசிக்கொள்ளும்.

வீடு பார்க்க வந்தவர்கள் மூன்றாவது அறை வரை நிமிர்ந்து நடந்தார்கள். நாலாவதில் பக்கவாட்டில் நடந்தார்கள். ஐந்தாவதை எட்டிப் பார்த்துவிட்டுப் படி இறங்கினார்கள். டொரதி என்னிடம், "ஒங்களுக்குத் தெரிஞ்ச அந்த மிஸ்ஸ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்" என்று கேட்டார். கூட்டிப் போனேன்.

"அஞ்சு ரூம் மிஸ், நல்லா எண்ணிப் பாத்துக்குங்க" என்று பற்றிக் முன்னால் நடந்தார். முதல் மூன்றிலும் நிரஞ்சலா படுத்தார், மூச்சு விட்டார், எழுந்தார். மூன்றுக்கும் "ஓம்" கிடைத்தது. பற்றிக் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஐந்தாவது அறையில் நிரஞ்சலா படுத்தபோது நாங்கள் நாலாவதில் நின்றோம். அவருடைய பாதங்கள் இரண்டும் வாசல் வழியே எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தன.

"என்ரை கால் எந்த அறையிலை நிக்குது?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நாலாவதுல மிஸ்."

"அப்ப நான் ரெண்டு அறையிலை படுத்திருக்கிறன். ரெண்டையும் சேர்த்து ஒண்டெண்டு எழுதட்டோ, இல்லாட்டி அரையும் அரையும் எண்டு எழுதட்டோ?"

டொரதி களுக்கென்று சிரித்தார். பற்றிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க குறுக்கால படுத்துட்டீங்க மிஸ். நேரா படுத்தா ஒரு ஆளு தாராளமா தூங்கலாம். தள்ளுங்க, நான் காட்டுறேன்!"

பற்றிக் ஆறடி உயரம். தலையை யன்னலடியில் வைத்துப் படுத்தார். முழங்கால் இரண்டும் மலை போல எழுந்து நின்றன. அவற்றை நீட்டியபோது வலது கால் பலகைச் சுவரைத் தட்ட, சுவர் ஆட, அந்தப் பக்கம் தொங்கிய மாதா படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "தாராளமா இருக்கு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு டொரதியைப் பிடிக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நிரஞ்சலா சிரித்தார். நான் சிரித்தேன். கடைசியில், படுத்தபடியே பற்றிக்கும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது டொரதியால் எழும்ப முடியவில்லை. நாங்கள் மூவரும் இழுத்துப் பார்த்தோம். "விடுங்க, கொஞ்சம் இருந்துக்கிறேன்" என்று முழங்காலைத் தடவினார். பிறகு மெல்லக் கேட்டார்: "இந்த முட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கிங்க அந்தப் படிய ஏறுறது?"

பற்றிக் சுவரைப் பார்த்தார். "ரெண்டே முக்கால் லச்சம் மிஸ். ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. கழட்டினா அம்புட்டும் போச்சே."

"அது எப்பவோ போயிட்டுது ஐயா," என்றார் நிரஞ்சலா, நிலத்தில் டொரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "இப்ப மிச்ச விலையையும் இழுத்துக்கொண்டு போகுது. ரெண்டறையை மூண்டாக்கினால் வாங்க வாற சனம் கூடும். மூண்டை இப்பிடி அஞ்சாக்கினால், வந்த சனமும் படி இறங்கிப் போகும். வாங்கிறவை அறையை எண்ணுறது விளம்பரத்திலை மட்டும்தான். வீட்டுக்குள்ள வந்தால் எங்கை இருக்கிறது, எங்கை படுக்கிறது எண்டுதான் பார்ப்பினம்."

அந்தச் சனிக்கிழமை பற்றிக் சுவரைக் கழற்றினார். உடைக்க விடவில்லை. ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, ஒரு ஜாம் போத்தலில் போட்டார். பின்னேரம் கடைசிப் பலகை சாய்ந்ததும், பதினான்கு மாதத்துக்குப் பிறகு யன்னல் முழுதாகத் திறந்தது. ஹந்தானை மலை அப்படியே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. டொரதி ஐந்தாவது அறை இருந்த இடத்தில் கதிரை போட்டு, எங்கள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

இரண்டு வாரத்தில் யுகேஷ், சஞ்சீவனி என்று ஓர் இளம் தம்பதி இரண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பிள்ளைகள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள். சஞ்சீவனி யன்னலடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாங்க தை மாசம் ஒரு வீடு பாக்க வந்தோம் அங்கிள். இதே மாதிரிதான் படி. ஆனா அது ரொம்பச் சின்ன வீடு."

பற்றிக் தொண்டையைச் செருமினார். "அது பக்கத்து வீடா இருக்கும் மகள்" என்று என் வீட்டைக் காட்டினார்.

ஐந்து அறையாக இருந்தபோது வாங்க வந்தவர்கள் கடைசியாகக் கேட்ட விலையை விட மூன்று அறைக்கு முப்பத்தைந்து இலட்சம் கூடக் கிடைத்தது. யுகேஷின் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் ஏறக்குறைய அதே தொகையைத்தான் எழுதினார். "ஆனா அந்த ஆளு நெலத்துல படுக்கவே இல்ல. என்னா வேலையோ!" என்று டொரதி குறைப்பட்டார்.

பெரஹராவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பளைக்குப் போனார்கள். பால் காய்ச்ச எங்களையும் அழைத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு கூடம், வாசலில் ஒரு படிகூட இல்லை. டொரதி வீட்டுக்கும் முற்றத்துக்குமாக வேண்டுமென்றே பத்துத் தரம் நடந்து காட்டினார். பற்றிக் மட்டும் கூடத்தின் மூலையில் நின்று, இரண்டு கைகளையும் சட்டம் போல விரித்து எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"மிஸ், நீங்கதானே சொன்னீங்க, ரெண்ட மூணாக்குனா வெல ஏறும்னு. இந்த மூலைல சின்னதா ஒரு..."

நிரஞ்சலா பாற்கோப்பையைக் கீழே வைத்தார். அவரிடம் போய், எட்டி, அவருடைய காதில் செருகியிருந்த பென்சிலை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.