பச்சை டைல்ஸ் முன்னால் ஒரு சக்கர நாற்காலி

லாய் யுக்-லான் பதினெட்டு வருடமாக ஷாம் ஷுய் போ பகுதி ரொட்டிக் கடையில் அடுப்பின் முன்னால் நிற்கிறவள். சூடு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் எதிர்வீட்டு ஃபான் அக்கா லிஃப்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்ட கேள்வியில் காது மடல்வரை எரிந்தது.

"காசு வேணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே. இல்லாதவனுக்குக் குடுத்துட்டேன்னு எதுக்கு இந்தப் பொய்?"

அக்கா நீட்டிய செல்போனில், பழைய சாமான் விற்கும் செயலியில், அந்தச் சக்கர நாற்காலி. விலை எண்ணூறு டாலர். பின்னால் யுக்-லான் வீட்டுச் சமையலறையின் பச்சை டைல்ஸ். அவள் எடுத்த அதே படம்! படுபாவி, இலவசமாக வாங்கிப் போனவனுக்குப் புதிதாக ஒரு படம் எடுக்கக்கூடச் சோம்பல்.

மாமியாருக்கு உடைந்த இடுப்பு எலும்பு கூடி நடமாடத் தொடங்கியதும், யுக்-லான்தான் நாற்காலியை அதே செயலியில் இலவசம் என்று போட்டிருந்தாள். படுத்த படுக்கையாய் இருந்த கணவருக்காக ஃபான் அக்கா வந்து கேட்பதற்குள் ஒருவன் முந்திக்கொண்டான். அம்மா ஐந்தாவது மாடியில், லிஃப்ட் இல்லை, தெருக்கடையில் சூப் குடிக்க ஆசைப்படுகிறாள் என்று உருகி உருகி எழுதியிருந்தான். லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடிக்குச் சக்கர நாற்காலி எதற்கு என்று அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. புருஷனிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

இப்போது வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, "நானே வாங்கிக்கிறேன்" என்று அவனுக்கு எழுதினாள்.

மறுநாள் மதியம் ரயில் நிலையத்தில் கட்டணக் கதவுக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டையில் வந்து நின்றான். வெளியே வந்தால் திரும்பிப் போக மறுபடி கட்டணம் கட்ட வேண்டும் என்று எல்லோரும் அங்கேதான் கைமாற்றுவார்கள். மடக்கிய நாற்காலியைக் கதவுக்கு மேலாக அவன் நீட்ட, அவள் ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"யாரோடதுப்பா இது?"

"எங்கம்மாவோடது. போன வருஷம் தவறிட்டாங்க."

"அடப்பாவி! போன வாரம் சூப் குடிக்க ஆசைப்பட்டாங்களே!"

அவன் எழுதிய செய்தியை, போகிற வருகிறவர்கள் நிற்கும்படி, உரக்கப் படித்தாள்.

"குடுத்தா குடுத்ததுதானே? இப்ப இது என்னோடது," என்று அவன் இழுத்தான்.

"பெத்தவளையே சாகடிச்சு வியாபாரம் பண்றியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?"

கீரைக்கட்டோடு நின்ற ஒருத்தி, "வெக்கங்கெட்டவன்!" என்றாள். இரண்டு பேர் செல்போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். அவன் முகத்தை மறைத்துக்கொண்டு கைப்பிடியை விட்டான். நகரும் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனான்.

யுக்-லான் நாற்காலியை நேராக ஃபான் அக்கா வீட்டு வாசலுக்கே உருட்டிக்கொண்டு போனாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி, அவன் எழுதியதையும் காட்டினாள். அக்கா பர்ஸைத் திறந்தார்.

"காசு கீசுன்னு வாயத் தொறந்தீங்க, சக்கரத்த உங்க கால் மேலயே ஏத்திடுவேன். மாமாவக் கிளப்புங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"யுக்-லான், நான் தெரியாம..."

"பேசாதீங்க! அவன் ஊர்பேர் தெரியாத திருடன், அவனை விட்டுத் தள்ளலாம். பதினொரு வருஷமா எதிர்வீட்ல இருக்கிற நீங்க, நான் பொய் சொல்வேன்னு எப்படிக்கா நம்புனீங்க?"