நாற்பத்தாறு வயதில் காஜா பையன்

மந்தாரக்குப்பம் தையற்கடையில் கொளஞ்சியப்பனுக்கு இப்போது தனி மிஷின் இருக்கிறது. பேன்ட் தைக்க, கால் குறைக்க என்று அவரைத் தேடியே ஆட்கள் வருகிறார்கள். ஆனால் பேச்சு பழைய கதைக்குத் திரும்பினால் அவர் சொல்வது அந்த முதல் வருஷத்தைப் பற்றித்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். நிலக்கரி ஓடுகிற பெல்ட்டின் ஓரம் சிந்திக் கிடப்பதை அள்ளிப் போடும் வேலை. மீசை முளைக்கிற வயதில் சேர்ந்தது. என்றைக்காவது பர்மனன்ட் ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டே காலம் ஓடிவிட்டது. முட்டி தேய்ந்து, இரும்புப் படி ஏற முடியாமல் போனதும் அவராகவே நின்றுகொண்டார்.

நின்றுவிட்டாரே தவிர, உடம்புக்கு அது தெரியவில்லை. ஷிப்ட் பஸ் வருகிற நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். குளித்து, தலை சீவி, போக இடமில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி செவ்வந்தி இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணமான புதிதிலிருந்தே தையற்கடை வைத்திருப்பவள் அவள். தீபாவளி நெருங்குகிற சமயம், கடையில் உதவிக்கு இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

"ஏங்க, சும்மா நின்னுகினு இருக்கறதுக்குக் கடைக்கு வந்து ஊக்கு வெச்சித் தாங்களேன்."

"நானா? பொம்பளைங்க ஜாக்கெட்டுக்கா?"

"தைக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு துணிக்கு என்னா தெரியும்? கெளம்புங்க."

பட்டன் துளைக்கு நூல் சுற்றி, ஊக்கு வைத்து, ஓரம் மடித்துத் தைத்துத் தொழில் பழகுகிறவனுக்குக் காஜா பையன் என்று பெயர். அரை டிராயர் வயதில் வந்து உட்காருவார்கள். கொளஞ்சியப்பன் நாற்பத்தாறு வயதில், நரைத்த மீசையோடு, செவ்வந்தியின் மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

மண்வாரி பிடித்துக் காய்த்த விரல்களில் ஊசி நிற்கவே இல்லை. முதல் நாள் வைத்த ஊக்குகள் எல்லாம் இடம் மாறி, வலப்பக்கம் வர வேண்டியது இடப்பக்கம் வந்துவிட்டது. செவ்வந்தி எடுத்துப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"எல்லாத்தையும் பிரிங்க."

"வூட்ல இப்டி பேசுவியா நீ?"

"இது வூடு இல்லீங்க. நாளைக்குக் காலையில துணி வாங்க வருவாங்க."

ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு எழுந்து டீக்கடைக்குப் போனார். டீ ஆறிப்போகும் வரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது செவ்வந்தி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவருடைய முக்காலியின் மேல் ஒரு துணிச்சுருள் இருந்தது. அதில் வரிசையாக ஊசிகள், எல்லாவற்றிலும் நூல் கோத்துக் குத்தி வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்.

மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பிலிருந்து பெண்கள் துணி கொடுக்க வரும்போதுதான் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்களில் தேவயானி என்று ஒரு அம்மாள், திருநெல்வேலிப் பக்கம், வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனன்ட்.

"என்ன அண்ணாச்சி, இனிமே டூட்டி இங்கதானா?"

குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "ஆமாங்கம்மா. டிரெயினிங்ல இருக்கேன்."

செவ்வந்தி சிரித்த சிரிப்பில் மிஷின் நின்றுபோனது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றோடு வெட்கமும் விட்டுப்போயிற்று.

அந்த வருஷத்தைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி மாளாத விஷயம் ஒன்று உண்டு, மதியச் சாப்பாடு. ஷிப்ட் மாறி மாறி ஓடிய காலத்தில் அவர் சாப்பாடு மைன்ஸில், அவள் சாப்பாடு கடையில். கடையில் அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், சாயங்காலம் வரை டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடப்பதைப் பார்த்தார்.

"ஊக்கு எங்கியும் ஓடிடாது. மொதல்ல சாப்புடு" என்று மிஷினிலிருந்து துணியை உருவி எடுத்துவிடுவார். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெட்டுத் துணிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரே பாக்ஸில் புளிச்சோறு தின்பார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இல்லாத வழக்கம் அது.

பொங்கல் முடிந்து கட்டிங் பழகினார். பழைய வேட்டிகளை வெட்டித் தள்ளினார். வைகாசியில் காடாம்புலியூரில் செவ்வந்தியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"உன் ஜாக்கெட்டை நான் தெச்சித் தரேன்" என்றார்.

செவ்வந்தி மறுக்கவில்லை. அவள் தொழில் பழகியதிலிருந்து அவளுடைய ஜாக்கெட்டை அவளேதான் தைத்துக்கொள்வாள், அதுவும் ஊராருடையதெல்லாம் முடிந்த பிறகு, கிடைத்த நேரத்தில். கடை சாத்திய பின் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் அவள் எதிரே நின்றார். தோளில் டேப்பை வைத்ததும் அவள் கூச்சத்தோடு நெளிந்தாள்.

"ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கறேன். எனக்கு அளவெடுக்க ஆளு இப்பத்தான் வந்துது" என்றாள்.

கல்யாணத்தன்று அந்த நீல ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். அட்சதை போடும்போது வலது கை பாதிக்கு மேல் எழவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார், "ஏன் அண்ணி, கையில வலியா?" என்று கேட்டாள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. புது ஜாக்கெட்டு. உங்க அண்ணன் தெச்சது" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள் செவ்வந்தி. கொளஞ்சியப்பன் நைசாகப் பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ ஏற்றியிருந்த மூட்டையிலிருந்து பலாப்பழ வாசனை வண்டி முழுக்க அடித்தது. இடம் கிடைத்து இருவரும் உட்கார்ந்த பிறகுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அக்குள்கிட்ட அரை இஞ்சு கம்மியாப் போச்சுங்க. நாளைக்கு வெட்டும்போது காட்டறேன்."

"சரிங்க மாஸ்டர்" என்றார் அவர்.

ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. செவ்வந்தி கொஞ்ச நேரத்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.