ஷரஃபுதீன் பாய்க்குக் கிடைத்த இருட்டு

எங்கள் மாடிவீட்டு ஷரஃபுதீன் பாய் இருபத்தேழு வருஷம் தெருவிளக்கு மாட்டினார். ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபோர்மேன். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை எந்தக் கம்பத்தில் எந்த விளக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டுப் பளீரென்று வெள்ளை எல்.இ.டி. போட்டதும் அவர் ஆட்கள்தான். பகலில் மாட்டிய விளக்கை ராத்திரி மொட்டைமாடியில் நின்றுகொண்டு அவரே திட்டுவார்.

"நீங்களே வெச்ச வினைதானே பாய்" என்பேன்.

"வயிறுன்னு ஒண்ணு கீதே மாமி" என்பார்.

திட்டுவதற்குக் காரணம் அவருடைய தொலைநோக்கி, தெருவெளிச்சத்தில் வானத்தின் மங்கலான சமாசாரம் எதுவும் அதில் தெரியாதாம். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த பெரிய குழாய். முதலில் பார்த்தபோது யாரோ வாட்டர் ஹீட்டரைக் கொண்டுவந்து மாடியில் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்காக என் துணிக்கொடியை அவிழ்த்துவிடுவார். நான் சண்டைக்குப் போவேன். ஆண்களின் பொழுதுபோக்குகள் மேல் எனக்கு என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

ஆனாலும் பாயின் ஆசை என்னவென்று எனக்குத் தெரியும். நிலாவும் சனிக்கிரகமும் மயிலாப்பூரிலிருந்தே தெரியும். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. அவருக்கு வேண்டியது கேலக்ஸியும் நெபுலாவும். ஓரியன் நெபுலா ஏதோ புகைபோலத் தெரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி கண்ணாடியில் விரல் பட்ட கறைபோல இருக்கும். அதற்குப் பக்கத்தில் முக்கோண கேலக்ஸி என்று ஒன்று உண்டாம், அது மட்டும் ஏழு வருஷமாக அகப்படவே இல்லை. ஜவ்வாது மலைக்குப் போனால் தெரியும் என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். "என் மாடிலேந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். பிடித்தால் பிடிதான்.

மனைவி ஷகீலா போனபிறகு அவருக்கென்று இருந்தது அக்கா ஜைதூன் பீ ஒருவர்தான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். எழுபத்துநான்கு வயது, சர்க்கரை வியாதி வேறு.

அந்த டிசம்பர் புயலில் ஊரே மூழ்கியது. திங்கட்கிழமை முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை மழை விட்டது, ஆனால் கரண்ட் இல்லை, ரயில் இல்லை, ஃபோனும் இல்லை. காலையில் ஒரே ஒரு தடவை சிக்னல் வந்தபோது அக்கா பேசினார். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், மேல்வீட்டுக்காரர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். "சாயங்காலம் மஃரிப் தொழுகை முடியறதுக்குள்ள வந்து இட்டுகினு வந்துடறேன், ஆபா" என்று பாய் வாக்குக் கொடுத்தது என் காதில் விழுந்தது.

சொன்னபடி ஏற்பாடும் செய்தார். அவர் சிநேகிதர் அக்பர் பாஷா தண்ணி லாரி ஓட்டுகிறவர். அந்த உயரமான லாரி வெள்ளத்தில் போகும். ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

அதற்குள் வானம் வெளுத்துவிட்டது. மழை கழுவிவிட்ட வானம், ஒரு மேகம் கிடையாது. நான் மாடியில் ஈரத்துணியை உலர்த்திக்கொண்டிருந்தேன். பாய் வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றார். லஸ்ஸிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வரை ஒரு விளக்கு எரியப்போவதில்லை. நிலாவும் நடுராத்திரிக்குத்தான். அவர் முகத்தைப் பார்த்தேன், பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இருட்டுல அந்தத் தண்ணில போறது சரியா வருமா மாமி?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை, ஆமாம் என்று சொல்ல ஓர் ஆளைத் தேடினார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னேன். "பள்ளம் எது, சாக்கடை எதுன்னு தெரியாது. மேலாத்துல பத்திரமாத்தானே இருக்கா? கார்த்தால போய்க்கோங்கோ."

பாய் கீழே எட்டிப்பார்த்து, "காலைல போலாம் பாஷா" என்று குரல் கொடுத்தார். லாரி திரும்பிப் போய்விட்டது.

எட்டரை மணி சுமாருக்கு அந்த முக்கோண கேலக்ஸி கிடைத்தது. என்னையும் கூப்பிட்டார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நேராப் பாக்காதீங்க மாமி, கொஞ்சம் தள்ளி ஓரக்கண்ணால பாருங்க" என்றார். பார்த்தேன். கோலமாவு கொட்டின இடத்தைக் கையால் துடைத்தால் மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி. அது அத்தனையும் நட்சத்திரமாம். பாய் வாய்விட்டு அழுதார். கரண்ட் மட்டும் இப்போது வந்துவிடக் கூடாது என்று துஆ செய்தார். நானும் என் பங்குக்குக் கபாலீச்வரரை வேண்டிக்கொண்டேன். ஊரில் எத்தனை வீட்டில் குழந்தை கொசுக்கடியில் அழுதுகொண்டிருந்ததோ, எத்தனை பேர் மூச்சுக்கு மெஷினை நம்பி இருந்தார்களோ. இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை போய் அக்காவை அழைத்துவந்தார்கள். வலதுகாலில் துணி சுற்றியிருந்தது. தம்பி மஃரிபுக்குள் வருவான் என்று பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருக்கிறார். நன்றாக இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பும்போது கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டார். அந்த அழுக்குத் தண்ணீர், இந்தச் சர்க்கரை. பத்து நாளில் இரண்டு விரல் போயிற்று. பொங்கலுக்குள் பாதிப் பாதம் போயிற்று.

பாய் மாடிவீட்டை விட்டுவிட்டு அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்கு மாறினார். அக்காவைக் குளிப்பாட்டுவதும் கட்டு மாற்றுவதும் எல்லாம் அவர்தான். தொலைநோக்கி மாடிப்படி உச்சியில் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. நான் தாராளமாகத் துணி உலர்த்துகிறேன். "எப்பவாவது ஒருநாள் பாக்கறதுதானே பாய்" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். அவர் அக்காவின் மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், இவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கத்தான் மனசு இல்லை.

லாரிக்குப் போக வழி இல்லை, தண்ணீர் ஜாஸ்தி என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறார். நானும் அந்தப் பொய்க்குத் தலையாட்டினேன்.

போன வாரம் அக்காவுக்குத் துணையாகக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைய ராத்திரிப் பேச்சு எப்படியோ வந்தது.

"பயமா இருந்துதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா பயம்? அவனுக்குத்தான் பயந்தேன்" என்றார். "வரேன்னு சொன்னவன் வரலியே, வழில தண்ணி அடிச்சுகினு போயிடுச்சோன்னு. காலக் கழுவிகினு, மேல்வூட்டுக்காரங்களோட மொட்டமாடிக்குப் போனேன். மேல பாத்தா ஒரு மேகம் இல்ல, எங்கியும் கரண்டும் இல்ல. சரி, தம்பி அவன் வீட்டு மாடிலதான் கீறான்னு புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தாம்மா நிம்மதியாப் படுத்தேன்."

அடுப்படியில் பாய் டீ போட்டுக்கொண்டிருந்தார். அந்த டீ வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.