இருபதாவது உறை

ஹானுஸ் செத்த பறவையின் நெஞ்சை மூன்று முறை ஊதுவான். அடியில் வெண்பஞ்சு தெரிந்ததும் இரண்டு விரலால் ஓர் இறகைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பான். பறவைக்குப் பத்து இறகு. ஒரு பறவைக்கு ஓர் உறை. மேலே நாள், எடை, பிடித்த இடம். என் தம்பி எங்கள் தீவின் தபால்காரன். ஒன்றும் எழுதாத உறையைப் பார்த்தால் அவனுக்குக் கை பரபரக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஃபரோ தீவுகளில் ஃபுல்மார் என்னும் கடற்பறவையின் குஞ்சுகள் பாறையிலிருந்து கடலுக்கு இறங்கும். பறக்க முடியாத கொழுப்பு. படகில் போய் நீளக் கம்பு வலையால் அள்ளுவார்கள். மற்ற வீடுகளில் அவை நேரே பானைக்குப் போகும். எங்கள் வீட்டில் முதலில் தராசில் ஏறும். இறகில் எவ்வளவு பாதரசம் என்று தலைநகர ஆய்வகம் பார்க்கிறது. ஒரே பாறைச்சரிவில் ஆண்டுக்கு இருபது குஞ்சு. பத்தொன்பது வந்தால் அந்த ஆண்டைச் சேர்க்க மாட்டோம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளில் ஹானுஸ் ஒன்றுகூடக் குறைத்ததில்லை. "உங்க தம்பி கையெழுத்து எங்க டாக்டர்களுக்கு வராது" என்று ஆய்வக அம்மாள் தொலைபேசியில் சொன்னார். போன ஆண்டு அக்டோபர் இரண்டாம் தேதி, காலை பத்தேகால்.

படகுக்காரர் டான்யலுக்கு அவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"ஏன்டா ஹானுஸ், இந்தப் பறவைய அக்குள்ல வெச்சா காய்ச்சல் தெரியுமா?"

"சிரிங்கண்ணே. எவனோ எங்கயோ நிலக்கரி எரிக்கிறான். அது காத்துல வந்து கடல்ல எறங்குது. மீன் உள்ள போகுது, மீனை இது திங்குது, இதை நீங்க திங்கறீங்க. தபால் தவறாம வந்து சேருது."

"அப்ப நீ திங்கறதில்லையாக்கும்?"

"திங்கறேனே. எண்ணித் திங்கறேன்."

இந்த ஆண்டு காற்று ஓயவேயில்லை. படகுகள் நான்கு நாள்தான் இறங்கின. பத்தொன்பது உறை ஒட்டியாயிற்று. குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்ட கடைசி நாளில் அந்தச் சரிவின் அடியில் டான்யல் ஒன்றே ஒன்றைப் பிடித்து, தபால் சுற்றில் இருந்த ஹானுசிடம் கொடுத்தார். அடுத்த வீடு ஓலுவாவுடையது. மழை. பையைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். பறவையை அவள் கதவுக் கொக்கியில் மாட்டினான், கடிதத்தைப் போட்டான், நடந்துவிட்டான்.

எங்கள் ஊரில் கதவுக் கொக்கியில் பறவை தொங்கினால் அது அந்த வீட்டுக்குக் கொடுத்தது. யார் கொடுத்தது என்று கேட்பதே மரியாதையில்லை. திருப்பிக் கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்து தராசைத் துடைத்த பிறகுதான் அவனுக்குக் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. ஓடினான். பின்னால் நானும்.

ஓலுவாவின் கண் சிவந்திருந்தது. பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"வாடா தம்பி. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம், இந்தக் கொக்கியில ஒண்ணும் தொங்கல. இன்னிக்கி எந்த மகராசனோ..."

ஹானுஸ் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். "இறகெல்லாம் எங்கக்கா?"

"பின்னால நின்னு பறிச்சேன். மொத்தத்தையும் காத்து நார்வேக்கு அனுப்பிடுச்சு. உக்காருங்க ரெண்டு பேரும்."

உட்கார்ந்தோம். அவன் தட்டில் நெஞ்சுத் துண்டு விழுந்தது.

"நல்லாருக்கா?"

"இந்த வருஷத்துலயே இதான் நல்ல குஞ்சுக்கா," என்றான் ஹானுஸ். "ஒரு கிலோவுக்கு மேல இருந்திருக்கும்."

திரும்பும் வழியில் டான்யல் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "எங்க வீட்டுக் குஞ்சுல பத்து இறகு பிடுங்கிக்கோ. பாதரசம் என்ன வாய் தொறந்து சொல்லவா போகுது?" என்றார்.

"அது வேற சரிவுண்ணே."

"முந்நூறு அடிதான்டா தள்ளி!"

"வேற தெரு. வேற முகவரி."

சமையலறை மேசையில் இருபதாவது உறையை எடுத்தான். நாள் எழுதினான், இடம் எழுதினான். எடை: தெரியாது. இறகு: காற்றில் போயிற்று. பறவை: உண்ணப்பட்டது, மூவர். ஓலுவாவின் பெயரை எழுதவில்லை. இந்த ஆண்டின் கணக்கு போயிற்று என்று இருவருக்கும் தெரியும். உறையை ஒட்டப் போனவன் நிறுத்தினான். தின்றதில் இருக்கும் பாதரசம் தின்றவர் முடியில் சேரும்; கர்ப்பிணிகளின் முடியை நறுக்கி அதைப் பார்ப்பது எங்கள் மருத்துவமனை வழக்கம். ஹானுஸுக்கு முடி காதோரம் மட்டுமே மிச்சம். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, காதை ஒரு விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தான்.