ஆறு நாற்பதுக்கு எழும் குன்று

என் மனைவி பேச்சை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொண்டையில் செய்த அறுவைக்குப் பின் குரல் திரும்பவில்லை. இப்போது சிறு கரும்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுகிறாள். பேசிய காலத்தில் இருந்த குறும்பு எழுத்தில் இன்னும் கூடியிருக்கிறது. எழுதியதை நான் படித்து முடிக்கும் முன்பே அழித்துவிட்டுச் சிரிப்பாள்.

பள்ளியில் புவியியல் கற்பித்தவள். ஓய்வு பெற்ற பின், பார்வையற்றோர் கேட்டுப் படிப்பதற்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். அறுவைக்கு முந்தைய நாள் வரை அப்பணி நின்றதில்லை. அப்பதிவுகள் அனைத்தும் எங்கள் கூடத்துப் புத்தக அலமாரியின் அடித்தட்டில், ஒரு சேமிப்புப் பேழையில் இருக்கின்றன. இரண்டு செங்கற்களை அடுக்கி வைத்தாற்போன்ற கறுப்புப் பெட்டி. யாரேனும் தம் கைப்பேசியில் ஒரு பாடத்தைத் தொட்டால், இப்பெட்டியிலிருந்து இணையத்தின் வழியே அவள் குரல் அவர்களுக்குப் போகும். பெட்டியின் முதுகில் இரண்டு வலைவடங்கள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், “ஐயம் இருந்தால் அழையுங்கள்” என்று எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொல்லியிருப்பாள்.

முன்பெல்லாம் அழைப்புகள் வந்தன. மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் அறவே நின்றன. ஒரு நாள் காலை, காப்பிக் குவளையை வைத்துவிட்டுப் பலகையில் எழுதினாள்: “அந்தப் பெட்டியை அணைத்துவிடலாம். யாரும் கேட்பதில்லை.”

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்த நான், சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே அவள் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பெண்ணை அழைத்துவந்துவிட்டாள். அப்பெண் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில், இத்தகைய பேழைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்ட கூடத்தைக் கவனித்துக்கொள்பவர். பெட்டியை முறைப்படி அணைத்துத் தர வேண்டும் என்பதுதான் அவரிடம் வைத்த வேண்டுகோள்.

அவர் தரையில் அமர்ந்து பெட்டியைத் திருப்பினார். அதன் முதுகை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“ஐயா, இதுக்குச் சந்தனப் பொட்டு வெச்சது யாரு?”

“ஆயுத பூசையன்று நான்தான் வைத்தேன்.”

“வெச்சது சரி. சரியா கண்ணுல வெச்சிருக்கீங்களே!”

குனிந்து பார்த்தேன். வடம் செருகும் துளையின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று உண்டு. இணைப்பு உயிரோடு இருந்தால் அது பச்சையாக மினுக்கும். நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கெட்டித்திருந்தன. அவர் நகத்தால் சுரண்டினார். உள்ளே விளக்கு எரியவில்லை. பூசைக்காகத் துடைத்தபோது வடங்களைக் கழற்றியிருந்தேன். மீண்டும் செருகியபோது ஒன்று ‘டக்’ என்ற ஒலியோடு பொருந்தாமல், பொருந்தியதுபோல் நின்றிருக்கிறது. அத்தனை மாதங்களும் பெட்டி ஒற்றை வடத்தில் ஓடியிருக்கிறது. மற்றொன்று நின்றது எங்களுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டிய விளக்கையும் நானே மங்கலமாக மூடியிருக்கிறேன். அவர் அந்த வடத்தை அழுத்திச் செருகியதும் விளக்கு பச்சையாக மினுக்கியது.

என் மனைவி பலகையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்: “பேராசிரியர் பூசை.”

“அணைக்கிறது ஒரு நிமிஷ வேலைம்மா,” என்றார் அப்பெண். “ஆனா யாராச்சும் கேக்குறாங்களா இல்லையான்னு பாக்காம அணைக்கக் கூடாதுல்லா. ஒரு வாரம் காவல் போட்டுப் பாப்போம். எங்க ஆபீஸ்ல யாருக்கும் வேணாம்னு தோணுற மெஷினை எப்படி நிப்பாட்டுவோம் தெரியுமா? வயரைப் பிடுங்கிட்டுச் சும்மா உக்காந்திருப்போம். எவனாவது கத்துனா, திருப்பிச் செருகிருவோம். யாரும் கத்தலன்னா, அதுக்கப்புறம்தான் காயலான் கடை.”

என் மனைவி இதை மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவனத்தை நான் அன்று பொருட்படுத்தவில்லை.

காவல் அமைக்க இரண்டு மாலைகள் பிடித்தன. பெட்டியே தன் நிலையை எனக்குச் செய்தியாக அனுப்பட்டுமே என்றேன். “இரண்டு வயரும் போச்சுன்னா எது வழியா ஐயா அனுப்பும்?” என்று அவர் கேட்டார். உள்ளங்கை அளவுள்ள வேறொரு சிறு கணினியைக் கொண்டுவந்து, இணையக் கருவியின் அருகில் வைத்தார். நிமிடத்துக்கு ஒரு முறை அது பேழையிடம் கேட்கும்: முதல் இணைப்பு இருக்கிறதா, இரண்டாவது இருக்கிறதா, எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, வழியில் எத்தனை பிழை. ஒன்று அறுந்தால் என் கைப்பேசியில் மஞ்சள் நிறச் செய்தி வரும். இரண்டும் அறுந்தால் சிவப்பு. முதல் நாள் அவர் ஒரு வடத்தை உருவிச் சோதித்தார். மஞ்சள் வந்தது. செருகினார். பச்சை வந்தது. நான் சிறுபிள்ளைபோல் மீண்டும் ஒருமுறை உருவச் சொன்னேன்.

இணைப்புகளுக்குப் பெயரிட வேண்டும் என்றபோது ‘முதலாம் வலையிடைமுகம்’, ‘இரண்டாம் வலையிடைமுகம்’ என்றேன்.

“ஐயா, நீங்க இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இணைப்பு அறுந்து திரும்ப வந்துரும்,” என்றார். இறுதியில் ‘இடது’, ‘வலது’ என்று முடிந்தது. என் மனைவி பலகையைத் தூக்கவே இல்லை. முகமே போதுமானதாக இருந்தது.

வெளியே போவதன் அளவை ஒரு கோட்டுப் படமாகவும் காணலாம். நாள் முழுவதும் அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு அது ஒரு சிறு குன்றாக எழுந்து, ஏழரை மணி அளவில் தாழ்ந்தது. மூன்றாம் நாளும் அவ்வாறே. நான்காம் நாள் அவளை அருகழைத்துக் காட்டினேன்.

“பார்த்தாயா? யாரோ கேட்கிறார்கள்.”

நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: “பெட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.”

மூன்றாம் மாடிப் பெண்ணிடம் கேட்டேன். அவரும் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. “எவ்வளவு போகுதுன்னு இது சொல்லும் ஐயா. கேக்குறது மனுஷனா, ஏதாவது தானா ஓடுற புரோகிராமான்னு இதுக்குத் தெரியாது.” என் மனைவி அந்த மறுமொழியைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். அந்தத் தலையசைப்பு எனக்கு அணைக்கச் சொன்ன நாளைவிடத் துயரமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. மஞ்சள். இடது அறுந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் சிவப்பு. ஈரத் துண்டோடு கூடத்துக்கு விரைந்தேன்.

அவள் அலமாரியின் முன் தரையில் அமர்ந்திருந்தாள். இரு கைகளிலும் இரு வடங்கள். சுவர்க் கடிகாரம் ஆறு ஐம்பத்திரண்டு காட்டியது. என்ன செய்கிறாய் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை; யாரேனும் கத்துகிறார்களா என்று பார்க்கிறாள். நான் அவளருகில் அமர்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கழற்றிய வடங்களின் நுனிகளை, ஏதோ அவை சூடாக இருப்பதுபோல், விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தாள்.

மாதக்கணக்கில் ஒலிக்காத வீட்டுத் தொலைபேசி மூன்று நிமிடம் கழித்து ஒலித்தது. எடுத்து, அவளும் கேட்குமாறு ஒலிபெருக்கியை இட்டேன். தண்டவாளத்தின் தடதடப்புக்கு மேல் ஒரு பெண் குரல்.

“சார், டீச்சரம்மா ஊடுதான?”

“ஆம். தாங்கள் யார்?”

“பட்டாபிராம்ல கீறேன் சார். கண்ணு தெரியாது எனக்கு. டெய்லி வேலைக்குப் போறச்சே ரயில்ல அம்மா பாடம் கேட்டுகினு போவேன். இன்னா ஆச்சு இன்னிக்கு? ஆறு கடலாண்ட வந்துச்சு, சேர்றதுக்குள்ள அம்மா கொரலு நின்னுபூட்ச்சு!”

“தேர்வுக்குப் படிக்கிறீர்களா?”

“அய்ய, பரிச்சையெல்லாம் எப்பவோ பாஸாயி வேலையும் வாங்கிட்டேன் சார். இது சும்மா. ரயில்ல ஒரே கூச்சலு, அம்மா பேச ஆரம்பிச்சா மன்சு அடங்கும். நடுவுல ஒருதபா கூட நின்னதே இல்ல, அதான் போன் போட்டதில்ல. அம்மா நல்லா கீறாங்களா?”

நான் அவளைப் பார்த்தேன். பலகை எட்டாத தொலைவில் இருந்தது. அவள் அதைத் தேடவும் இல்லை.

“இருக்கிறார். அருகில்தான் இருக்கிறார். அவரால் இப்போது பேச இயலாது அம்மா. தொண்டையில் அறுவை.”

 அந்தக் குரல் தாழ்ந்து வந்தது.

“நான் பேசுறது காதுல உய்யுதா அவங்களுக்கு?”

என் மனைவி கையை நீட்டித் தொலைபேசியின் வாயை விரலால் இருமுறை தட்டினாள்.

“அம்மாவா அது?” அப்பெண் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. “சரிம்மா. நான் அண்ணனூர் தாண்டிட்டேன். சீக்கிரம் போடுங்க, எறங்கறதுக்குள்ள அந்த ஆத்தைக் கடல்ல சேர்க்கணும்.”

என் மனைவி முழங்காலிட்டு, பெட்டியின் பின்புறம் குனிந்து, வடங்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற ஒலி கேட்கும் வரை அழுத்தி, இழுத்தும் பார்த்தாள். இரு விளக்குகளும் பச்சையாக மினுக்கின. என் கைப்பேசியிலும் பச்சை வந்தது. அப்பெண் “வந்துட்ச்சு, வந்துட்ச்சு” என்று கூவி, விடைபெறாமலே அழைப்பைத் துண்டித்தார்.

அதன் பிறகுதான் பலகையை எடுத்துவரச் சைகை செய்தாள். எழுதினாள்: “எந்த வண்டி?”

பட்டாபிராமிலிருந்து நடுவண் நிலையத்துக்குப் போகும் வண்டி எங்கள் கொரட்டூர் வழியாகத்தான் போக வேண்டும். ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் வரும் என்றேன். அவள் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்மாடத்துக்குப் போனாள். அங்கிருந்து கூரைகளுக்கு இடையே தண்டவாளம் சிறிது தெரியும்.

வண்டி வந்தது. அதன் பெட்டிகளில் ஒன்றில் அவள் குரல் ஓர் ஆற்றைக் கடலுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி மறையும் வரை அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் ஈரத் துண்டோடு பின்னால் நின்று, கைப்பேசியில் குன்று மீண்டும் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.